இரண்டாவது கொட்டை

மேகங்கள் கிளைகளில் படுத்துறங்கும் ஒரு மலைக்காட்டில் அணிலும் சுண்டெலியும் நண்பர்கள். மழைக்காலத்துக்குக் கொட்டைகளை எப்படிச் சேமிப்பது என்று அணிலுக்கு எல்லாம் தெரியும். இளவெயிலில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே இருக்கும். ஆனால், கிடைத்ததை அன்றே தின்றுவிடும்.

அணில் சொன்னதைச் சுண்டெலி செய்து பார்த்தது. முதலில் புதைத்தவை ஈரத்தில் அழுகிப்போயின. அழுதுவிட்டு, அடுத்துக் கிடைத்தவற்றை மேட்டில் புதைத்தது. பாதியை எறும்புகள் தின்றுவிட்டன.

"உனக்கு இதெல்லாம் வராது. விட்டுடு" என்றது அணில்.

"இந்தத் தடவை பாதி மிஞ்சியிருக்கே!" என்ற சுண்டெலி, மிச்சத்தைப் பாறை இடுக்கில் வைத்துக் கல்லால் அடைத்தது.

மழை பிடித்தது, நாட்கணக்கில் விடவில்லை. அணில் நனைந்து, பசியில் நடுங்கியபடி வந்து நின்றது. சுண்டெலி எதுவும் கேட்காமல் இரண்டு கொட்டைகளைக் கொடுத்தது.

அணில் ஒன்றைத் தின்றது. மற்றதை வாய்வரை கொண்டுபோய் நிறுத்தி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு பாறைக்கடியில் நனையாத மண்ணைத் தேடிப் போய், பழக்கமில்லாத கைகளால் தோண்டத் தொடங்கியது.

"இவ்வளவு ஆழம் போதுமா?" என்று மெல்லக் கேட்டது.

சுண்டெலி குனிந்து பார்த்தது.

"இன்னும் கொஞ்சம் தோண்டு."