நெற்றிக்காசு

தாமோதரனின் நெற்றியில் ஒட்டுவதற்கு யாரோ ஒரு ரூபாய்க் காசை நீட்டினார்கள். அவர் மனைவி அமிர்தவல்லி வேண்டாமென்று தலையசைத்துவிட்டுப் பீரோவைத் திறந்தாள். உள்ளே பூட்டிய சிறு பெட்டியில் 1933ஆம் ஆண்டின் அமெரிக்க இருபது டாலர் தங்கக் காசு. அதன் கூட்டாளிகளையெல்லாம் அரசாங்கமே உருக்கிவிட்டது. தப்பியவை வெகு சில. அதை வாங்கத்தான் அவள் கழுத்தும் கைகளும் வெறுமையாயின, பிறகு வயல் போனது, பிறகு வீட்டில் பேச்சே போனது. ஒருநாளும் அவளை அதைத் தொடவிட்டதில்லை. கையுறை மாட்டி, விளிம்பைப் பிடித்து, அவரே எடுப்பார், அவரே வைப்பார். “உன் ரேகை பட்டா போச்சுடி” என்பார்.

பெட்டியை உடைத்து வெறுங்கையால் அவள் காசை எடுத்ததும், அவருடைய சேகரிப்பு நண்பர் இம்மானுவேல் பதறி ஓடிவந்தார்.

“சிஸ்டர், இதுக்காக உசுரையே குடுக்குறவங்க இருக்காங்க. எரிச்சிடாதீங்க. ஐயோ, ஓரத்தையாவது புடிங்க!”

“உசுரக் குடுத்தவரு இதோ படுத்திருக்காருண்ணே.”

சந்தனத்தைக் குழைத்து நெற்றியில் தடவி, காசை வைத்து, அதில் பொறித்திருந்த, தீப்பந்தம் ஏந்தி நின்ற பெண்ணின் மேல் கட்டைவிரலை ஊன்றி அழுத்தினாள். இம்மானுவேல் கண்களை மூடிக்கொண்டார். விரலை எடுத்தபோது அந்தப் பெண்ணின் முகத்தில் அவளுடைய ரேகை சுழிசுழியாகப் படிந்திருந்தது.

“இப்பத் தூக்குங்க” என்றாள்.