கடைமடை வைஃபை

"யார் யார் உறிஞ்சுறான்னு முதல்ல சொல்லு தம்பி. டீயெல்லாம் அப்புறம்" என்றார் கோவிந்தராசு.

தாராசுரம் கடைவீதியில் செல்போன் கடை வைத்திருக்கும் கிளாட்சன், மடிக்கணினியைத் திறந்தபடி மணி பார்த்தான். மூன்று. நான்கு மணிக்கு கோவிந்தராசுவின் மகள் கனிமொழிக்கு ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்கு வீடியோ நேர்காணல்.

போன வாரமே முடிந்திருக்க வேண்டியது. 'உங்கள் பலம் என்ன?' என்று அந்த வெள்ளைக்காரம்மா கேட்க, கனிமொழி வாயைத் திறந்த இடத்திலேயே படம் உறைந்துவிட்டது. பல் டாக்டரிடம் காட்டுகிற மாதிரி நாலு நிமிஷம் அப்படியே நின்றாள். பாவம் பார்த்து இன்னொரு வாய்ப்பு கொடுத்திருந்தார்கள். இன்றைக்கும் உறைந்தால் வேலை வேறு யாருக்கோ.

"ரூட்டர் எங்கண்ணே இருக்கு? பக்கத்துல உட்கார்ந்து பார்த்தா நல்லது."

"அது இருக்கிற ரூமுக்குள்ள இப்ப நுழைய முடியாதுப்பா. இங்கேருந்தே செய்ய முடியாதா? வித்தைக்காரன்னுதானே உன்னைக் கூப்பிட்டேன்."

"செய்யலாம். சிக்னல்தான்..."

"கிழக்குச் சன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போடு. அங்கதான் நல்லாப் பாயும்."

சமையலறையிலிருந்து அவர் மனைவி சாவித்திரி இருமினாள். "நான் ஒண்ணும் சொல்லல. ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்கு."

"நியாயம் அஞ்சு மணிக்கு மேல பார்த்துக்கலாம். நீ டீயைப் போடு."

கிளாட்சன் சன்னலோரம் உட்கார்ந்தான். "பாஸ்வேர்டு?"

"ஒண்ணுலேருந்து எட்டு வரைக்கும். வரிசையா."

"அண்ணே, இதுக்குப் பேரு பூட்டு இல்ல. கதவுல பூட்டு மாதிரி படம் வரைஞ்சு வச்சிருக்கீங்க."

"மாட்ட வந்தவன் வச்சுட்டுப் போனது. யாரும் கை வைக்கல."

கிளாட்சன் நாலு தட்டு தட்டினான். திரையில் பட்டியல் விழுந்தது. "பதினாலு பேரு உள்ள இருக்காங்க."

கோவிந்தராசுவுக்கு ரத்தம் கொதித்தது. முப்பது வருஷமாகக் கடைமடையில், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில், நிலம் வைத்திருப்பவர். வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் மனு எழுதிக்கொண்டு உட்கார மாட்டார். மண்வெட்டியைத் தோளில் போட்டு வாய்க்கால் கரையோடு மேலே நடப்பார். வழியில் எவனெவன் திருட்டு மடை வெட்டியிருக்கிறானோ, அத்தனையையும் அடைத்துவிட்டுத்தான் வீடு திரும்புவார்.

"படி."

"ராஜாங்கம் டீ ஸ்டால்."

"பாலையே தண்ணியாக்குறவன், இதை விடுவானா? அடை."

"பரிதி மாஸ்."

"எதிர்வீட்டுப் பய. மாஸாம்! சைக்கிளுக்குக் காத்தடிக்க என்கிட்ட பம்ப் கேட்டு வர்றான். அடை."

"ஒரு டிவி ஓடுது. உங்களுதா?"

கோவிந்தராசு மோவாயைச் சொறிந்தார். "எங்களுது கேபிள். அந்த டிவியையும் அடைச்சிரு. நாலு மணிக்குச் சீரியல் ஆரம்பிச்சா மொத்தத் தண்ணியும் அங்கதான் போகும்."

"தனித்தனியா எதுக்கு? பாஸ்வேர்டை மாத்தினா எல்லாரும் கழண்டுருவாங்க. என்ன வைக்கலாம்?"

"சீரகச்சம்பா. கூடவே நம்ம வயல் சர்வே நம்பர்."

"அதை ஊர்ல கைக்குழந்தைகூட சொல்லும்" என்று கிளாட்சன் தானே எழுத்தும் எண்ணும் குறியுமாகப் பதினாறு இலக்கத்தில் ஒன்றைக் கலக்கி, உரக்கடை ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தான். "செட்டிங்ஸுக்குள்ள போற பாஸ்வேர்டும் கம்பெனி வச்சதேதான் இருக்கு. மாத்திடவா?"

"மாத்தினா?"

"உங்களைக் கேட்காம ஒருத்தரும் உள்ள வர முடியாது. பெட்டிக்குப் பின்னால சின்ன ஓட்டை இருக்கும். அதுல குண்டூசி விட்டு அமுக்கினாத்தான் உண்டு."

"அமுக்க மாட்டாங்க" என்றார் கோவிந்தராசு உறுதியாக. "மாத்து."

ஐநூறு கேட்ட கிளாட்சன், முந்நூறும் ஒரு சீப்புப் பூவன் பழமும் வாங்கிக்கொண்டு, பழமாவது கனிந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தபடியே பைக்கை எடுத்தான்.

நான்கு மணிக்குக் கனிமொழி சன்னலோரம் உட்கார்ந்தாள். வெள்ளைக்காரம்மா கண்ணாடி போலத் தெரிந்தாள். அவள் சட்டைப் பொத்தானைக்கூட எண்ணலாம் போலிருந்தது. கோவிந்தராசு மின்விசிறியை நிறுத்தினார். அதன் காற்றில் சிக்னல் கலைந்துவிடுமோ என்று பயம். முக்கால் மணி நேரம். ஒரு சொல் அறுபடவில்லை.

கனிமொழி எழுந்து வந்தாள். "எடுத்துக்கிட்டாங்கப்பா! விசாவுக்கு எழுதச் சொல்லிட்டாங்க."

சாவித்திரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கோவிந்தராசு துண்டை உதறித் தோளில் போட்டார். சம்பா அறுத்துக் களம் சேர்த்த தெம்பு முகத்தில்.

வெளியே கேட் கிறீச்சிட்டது. பக்கத்து வீட்டு சகாயம்மாள் டீச்சர். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் போன்.

"பாப்பாவுக்கு இன்டர்வியூ என்னாச்சு?"

"கிடைச்சிருச்சு டீச்சர்!"

"ஏசப்பாவுக்கு நன்றி" என்று சிலுவை போட்டுக்கொண்ட டீச்சர், குரலைத் தாழ்த்தினார். "கோவிந்தராசு, உங்க வீட்ல நெட்டு வருதாப்பா? மாசாமாசம் பில்லு கட்டுறது நானு, பெட்டியும் என் அலமாரி மேல பச்சையா எரிஞ்சுக்கிட்டுதான் நிக்குது. ஆனா ஒரு மணி நேரத்துக்கு மேல டிவியும் ஓடல, போன்ல போட்டாலும் பாஸ்வேர்டு தப்புங்குது."

கோவிந்தராசு தெருவை இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து உரக்கடை ரசீதை எடுத்தார்: "நீங்கங்கறதால தர்றேன் டீச்சர், வெளியில மூச்சு விட்டுடாதீங்க, ஊரே வந்து ஒட்டிக்கும்!"