தாய் இல்லாத தொட்டி

"உன் ஆக்டோபஸ் செத்துப்போச்சு. உனக்கு யாரும் போன் பண்ணக் கூடாதுன்னு மேனேஜர் கறாரா சொல்லிட்டார்" என்றாள் டிக்கெட் கவுண்டர் அக்கா.

ஒரு வாரம் லீவு முடிந்து கடல் காட்சியகத்துக்குள் நுழைந்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தத் தொட்டி அவள் பொறுப்பு.

"முட்டைங்க?"

"தெரியலைம்மா. தொட்டியைச் சுத்திக் கறுப்புத் துணி கட்டிட்டார். யாரையும் கிட்டவே விடறதில்லை."

அது குளிர்கடல் ஆக்டோபஸ். அந்தக் குளிரில் முட்டை பொரியவே மாதக்கணக்காகும். அத்தனை நாளும் தாய் அசையவில்லை. அவள் நீட்டிய நண்டைத் திரும்பியும் பார்க்காமல், முட்டைகள்மேல் தண்ணீரை ஊதி ஊதியே இளைத்துப்போனது.

குஞ்சுகள் வந்ததும் தாய் செத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். முன்னாடியேவா போகும்? இனி ஊத ஆளில்லாமல் முட்டையெல்லாம் பூஞ்சை பிடித்துவிடுமே!

மேனேஜருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. "மூலையில முடங்கிக் கிடக்கிறதை ஜனங்க என்னன்னு பார்ப்பாங்க? கலர் மீன் விட்டா நாலு பேர் நிப்பாங்க" என்று போன மாதம்கூட அலுத்துக்கொண்டவர்.

'விட்டது தொல்லைன்னு மொத்தத்தையும் வழிச்சுப் போட்டிருப்பார்!'

விறுவிறுவென்று போய்த் துணியை விலக்கினாள்.

"சார், உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா?"

"ஷ்ஷ்... மெல்லப் பேசு."

ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார் மேனேஜர். சட்டைக் கை தோள்வரை நனைந்திருந்தது. விறைத்துப்போன விரல்களில் ஒரு மெல்லிய குழாய். அதிலிருந்து தண்ணீர் இதமாக முட்டைகள்மேல் போய்க்கொண்டிருந்தது.

"மோட்டார் வச்சுப் பார்த்தேன். அந்த வேகத்துக்கு முட்டை பிய்ஞ்சிடும்போல இருந்துது. அதான் நானும் வாட்ச்மேனும் மாத்தி மாத்தி... அங்க பாரு!"

ஒரு முட்டை வெடித்தது. அரிசியளவில் ஒரு குஞ்சு, எட்டுக் கால்களையும் உதறிக்கொண்டு நீந்தியது. பின்னாலேயே இன்னொன்று.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே சார்? ஓடி வந்திருப்பேனே!"

"வந்திருப்பே. அதனாலதான் பண்ணலை" என்றார் அவர், குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆபரேஷன் முடிஞ்சு உன் பொண்ணு கண் முழிக்கிறப்ப, அம்மாவைத்தானே தேடுவா?"