கிழக்குப் பாதி

“இதுக்கு என்ன கேடு? பத்து வருசமா இதுலதான் வெதைக்கறேன்” என்றார் மருதாசலம், விதைப்பு மிஷினின் இரும்புக் கொழுவைத் தடவியபடி.

“தேஞ்சு மொன்னையாப் போச்சுங்க. வெதை உள்ள எறங்காம மேலயே கெடக்குது. இதக் கழட்டிப்போட்டு, மண்ணக் கீறுற வட்டத்தகடு புதுசா மாட்டிப் பாக்கலாங்க” என்றாள் மனைவி சித்ரகலா. அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர்.

கடைசியில் பந்தயம் கட்டினார்கள். சோளக்காட்டில் பாதி பழைய கொழுவில், மீதி புதுத் தகட்டில். ஜெயிப்பதுதான் இனி மிஷினில் இருக்கும். மருதாசலத்துக்குக் காலில் சுளுக்கு என்பதால், சித்ரகலாதான் டிராக்டர்காரர்கூட நின்று விதைத்துவிட்டு வந்தாள்.

“கெழக்கால பழசு, மேக்கால புதுசுங்க.”

எட்டாம் நாள் மருதாசலம் நொண்டிக்கொண்டே சித்ரகலாவுடன் காட்டுக்குப் போனார். கிழக்கே சோளம் நூல் பிடித்தாற்போல் முளைத்திருந்தது. மேற்கே அங்கங்கே சொட்டை.

“பாத்தியா புள்ள, எங்கொழுவ! தோத்துட்டேன்னு சொல்லு!”

“தோத்தது நீங்கதானுங்க. கெழக்காலதான் புதுசு. மாத்திச் சொன்னேன்.”

“ஏம்புள்ள இந்தப் பொய்யி?”

“நெசத்தச் சொல்லியிருந்தா, மேக்காலதான் நல்லா மொளைச்சிருக்குதுன்னு அடிச்சுப் பேசுவீங்க. கம்பெனில துணி சாம்பிள் பாக்கறப்பவும் மில்லுப் பேர மறைச்சுப்போட்டுத்தானுங்க பாப்போம்.”

மருதாசலம் மேற்கே திரும்பி வெகுநேரம் பார்த்தார்.

“உத்துப் பாத்தா... மேக்காலயும் அப்படியொண்ணும் மோசமில்ல, புள்ள!”