கதவுக்கு இந்தப் பக்கம்

கையைத் திருப்பிக் காட்டு என்றேன். காட்டினான். வாயைத் திற என்றேன். திறந்தான். புண் இல்லை, கொப்புளம் இல்லை.

கை, கால், வாய் நோய் பரவிவிடக் கூடாது என்று சிங்கப்பூரின் ஆங் மோ கியோ வட்டாரத்தில் எங்கள் பாலர் பள்ளி வாசலில் தினமும் காலையில் நடக்கிற கூத்து இது. சில பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போதே ஆவென்று வாயைத் திறந்துகொண்டு நிற்கும். ரித்திக் டைனோசர் மாதிரி உறுமிக்கொண்டே திறப்பான். இன்றைக்கு உறுமவில்லை.

ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னேன். அவன் ஜிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

வெளியே வெயில் கொளுத்துகிறது. அந்த ஜாக்கெட் வகுப்பறைக் குளிருக்காகத் தேக்கா கடைத்தெருவில் வாங்கியது. எப்போதும் பைக்குள்தான் கிடக்கும், ரோட்டில் போட்டுக்கொண்டு வரவே மாட்டான்.

நானே ஜிப்பை இறக்கி இடது கையை வெளியே எடுத்தேன்.

முழங்கைக்கு மேலே கன்றிப்போயிருந்தது. ரோத்தான் பிரம்பின் தடமாக இருந்திருந்தால்கூட, ஏதோ சேட்டை பண்ணியிருப்பான் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். இது விரல் தடம். பெரிய ஆளின் விரல்கள். அதற்குக் கீழே மஞ்சளாகிப்போன இன்னொன்று. இன்று நேற்று நடந்ததல்ல.

"விழுந்துட்டேன், டீச்சர்," என்றான்.

நான் இன்னும் எதுவுமே கேட்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவனுடைய அப்பா நின்றுகொண்டிருந்தார். காலையில் எழுப்பிக் குளிப்பாட்டி, உடை மாட்டிக் கூட்டிவருவதெல்லாம் அவர்தான். விட்டதும் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடுகிற மனிதர். இன்றைக்கு ஓடவில்லை. நான் பார்த்ததும் சிரித்தார், கையை ஆட்டினார்.

நானும் ஆட்டினேன். கடவுளே, எதற்கு ஆட்டினேன்?

பக்கத்தில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த பயிற்சி ஆசிரியை கிம்பர்லி இன்னும் கவனிக்கவில்லை. தலைக்கு மேலே கேமரா இருக்கிறது, ஆனால் அதில் என் முதுகுதான் தெரியும். ஜாக்கெட்டைத் திரும்ப மாட்டிவிட்டால் போதும். ஒருவருக்கும் தெரியாது.

பிள்ளையின் உடம்பில் இப்படி எதையாவது பார்த்தால் உடனே தலைமையாசிரியரிடம் சொல்லிவிட வேண்டும், வீட்டாரிடம் முதலில் பேசக் கூடாது. அதுதான் எங்கள் விதி. போன வாரம் கிம்பர்லிக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை, நல்ல குடும்பம் என்றெல்லாம் பார்க்கவே கூடாது என்று அவ்வளவு அழுத்திச் சொன்னேன். வாய்க்கென்ன, சொல்லிவிடும்.

சொன்னால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். போன் போகும். அதிகாரிகள் வருவார்கள். அவனுடைய அப்பாவை உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். இன்றிரவு ரித்திக் எங்கே தூங்குவது என்பதை முன்பின் தெரியாதவர்கள் முடிவு செய்வார்கள். சொல்லாவிட்டால், இந்தக் கையோடு இன்றிரவும் அவன் அதே வீட்டில்தான்.

போன வருடம் ஒரு சின்னப் பெண்ணின் முதுகைப் பார்த்தபோது நான் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. நேரே போய்ச் சொன்னேன். அவளுடைய அம்மா ஓடிவந்து, தனக்கு ஒன்றுமே தெரியாது என்று அழுது சத்தியம் பண்ணினாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு தெரியாதாம், நல்ல கதை என்று அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரிடமும் நொடித்துப் பேசினேன்.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். அவர்தான். சிரிப்பு போய்விட்டிருந்தது. என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

அந்தக் கதவை உள்ளேயிருந்துதான் திறக்க முடியும். இல்லையென்றால் எனக்குத் தைரியமே வந்திருக்காது. நான் வரும்வரை கதவைத் திறக்காதே என்று கிம்பர்லியிடம் சொல்லிவிட்டு, ரித்திக்கின் வலது கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். அவள் திருதிருவென்று விழித்தாள்.

தலைமையாசிரியர் விசாலாட்சியின் அறை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே போய்ச் சேருவதற்குள் செத்துப் பிழைத்தேன். முதுகுக்குப் பின்னால் கண்ணாடியைத் தட்டுகிற சத்தம் கூடிக்கொண்டே வந்தது.

அறைக் கதவைத் தட்டிவிட்டு நின்றேன். ரித்திக் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். குனிந்தேன். யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, என் காதில் வாயை வைத்துக் கேட்டான்.

"அம்மா, அப்பா சொல்லச் சொன்னத நான் கரெக்டா சொல்லிட்டேனா?"

பள்ளிக்குள் என்னை அப்படிக் கூப்பிடக் கூடாது, மற்ற பிள்ளைகள் ஏங்கிப்போவார்கள், கதவுக்கு இந்தப் பக்கம் நான் டீச்சர் மட்டும்தான் என்று அவனுக்குச் சொல்லிவைத்திருந்தேன். இதுவரை ஒருநாளும் அவன் மறந்ததில்லை.

விசாலாட்சி மேடம் கதவைத் திறந்தார். ஜாக்கெட்டை விலக்கி, என் பிள்ளையின் கையை அவருக்குக் காட்டினேன். அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாது, மேடம்," என்றேன்.