நூலக அரங்கில் ஒரு கேள்வி

கூட்டம் தொடங்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. நாற்காலிகளைப் போட்டபடியே பொருமினாள் நூலக உதவியாளர்.

“அந்தப் பள்ளிக்கூடத் தீ விபத்தே கட்டுக்கதை, ஒரு பிள்ளையும் சாகலைன்னு புளுகுறவனுக்குப் போய் அரங்கைக் கொடுத்திருக்கீங்களே மேடம்!”

“பொது நூலகம்மா. யார் கேட்டாலும் கொடுக்கணும். பிடிக்காதவங்க வாயைப் பூட்ட நமக்கு உரிமை இல்லை,” என்றார் புதிதாக மாற்றலாகி வந்திருந்த நூலகர்.

“பறிகொடுத்தவங்களுக்குத்தானே வலி. உங்களுக்கென்ன!”

நூலகர் மைக்கைத் துடைத்தார்.

கூட்டத்தில் அவன் ஒரு மணி நேரம் பேசினான். கைதட்டல் வேறு. உதவியாளர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். “கேள்வி இருந்தா கேளுங்க” என்று அவன் சொன்னதும் பின்வரிசையில் நூலகர் எழுந்தார்.

“ஒரு பிள்ளையும் சாகலைங்கறீங்க. அப்போ, அன்னைக்குக் காலையில நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பின என் பொண்ணு எங்க இருக்கான்னு சொல்லுங்க. போய்க் கூட்டிட்டு வந்துடறேன்.”