கடல் பக்க அறை

தீவு ரிசார்ட்டுக்குப் படகு காலையில்தான் கிளம்பும். அதனால் முந்தின இரவு துறைமுகத்தில் தங்க ஹோட்டல் தேடினாள் தையல்கடைக்காரி. கணவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அவள் தனியாகப் போகும் முதல் பயணம் இது.

முதல் ஹோட்டலுக்குப் போன் செய்து கடல் பக்க அறை கேட்டாள்.

"உங்க பேர்ல பின்பக்க ரூம் போட்டாச்சேம்மா. உங்க வீட்டுக்காரர்தான் சொன்னார். கடல் சத்தம் அவருக்கு ஆகாதாமே?"

இரண்டாவது ஹோட்டலிலும் அதையே சொன்னார்கள்.

உயிரோடு இருந்தபோதும் அவர் இப்படித்தான். எந்த ஊருக்குப் போனாலும் பின்பக்க அறை, சாத்திய ஜன்னல். வெளிச்சம் வராமல் திரைச்சீலைகளைச் சேர்த்துக் கவ்வ, பையில் இரண்டு நீலத் துணிக் கிளிப்புகள்.

மூன்றாவது ஹோட்டலில் அவள் யாரையும் பேச விடவில்லை. "யார் போன் பண்ணியிருந்தாலும் கேன்சல் பண்ணுங்க. தங்கப் போறது நான். கடல் பக்க ரூம்தான் வேணும்."

கொடுத்தார்கள். சாயங்காலம் அவள் கதவைத் திறந்தபோது ஜன்னல் சாத்தியிருந்தது. திரைச்சீலையில் அதே இரண்டு நீலக் கிளிப்புகள்.

பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். ஜன்னலை அகலத் திறந்தாள். அலைச்சத்தம் அறைக்குள் புகுந்தது. கட்டிலின் நடுவில் கைகாலைப் பரப்பிப் படுத்துக்கொண்டாள்.

"பதினெட்டு வருஷம் உங்களுக்காகச் சுவரைப் பாத்துப் படுத்தாச்சு. சத்தம் ஆகலைன்னா கிளம்புங்க. இருக்கணும்னா கீழ படுங்க."

பிறகு அவளுக்குப் பக்கத்திலிருந்த தலையணை மெல்ல நழுவித் தரைக்கு இறங்கியது.